பெட்டி பேசவில்லை என்றால் பணம் வரவில்லையா?

சனிக்கிழமை சம்பளம் போட்ட மாலையில் ஏழாயிரம்பண்ணைக் கடைகளில் கூட்டம் நெரியும். வாடிக்கையாளர் "பணம் போட்டாச்சு அண்ணாச்சி" என்கிறார். கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸோ வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டால் மனஸ்தாபம். கேட்காமல் விட்டால் நஷ்டமோ என்ற பயம். இது ஏன் நேர்கிறது?

பட்டாசு கொள்முதலுக்கு வரும் வடநாட்டு வியாபாரியிடம் நாம் என்ன செய்கிறோம்? முதலில் இந்தி, அது ஓடாவிட்டால் ஆங்கிலம், அதுவும் இல்லையென்றால் சைகை. இருவருக்கும் பொதுவானதில் பேரம் நடக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சிம்மும் அப்படித்தான். கருவியைப் போட்டதும் அது டவரைத் தேடி, தனக்குத் தெரிந்த முறைகளைச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறது. 1995-ல் நம் நாட்டில் செல்போன் வந்தபோது இருந்தது 2ஜி. 2012-ல் வந்தது 4ஜி. இரண்டும் தெரிந்த பெட்டி, 4ஜி சிக்னல் குறைந்தால் 2ஜிக்கு மாறும். அப்படி மாறும்போது இணைப்பு அறுந்து, மறுபடி சேர வேண்டியிருக்கலாம். 2ஜியின் வேகமும் குறைவு. அதனால்தான் அறிவிப்பு தாமதமாகிறது. 2016-ல் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அந்த சிம் போட்ட பெட்டிக்கு இறங்கிப் போக இடமில்லை. டவரில் ஒரே நேரத்தில் பல பேர் கூடினாலும் தாமதம்தான்.

முக்கியமான விஷயம்: பணம் இந்தப் பெட்டி வழியாக வருவதே இல்லை. 2016-ல் வந்த யுபிஐ முறையில் அது வங்கிக்கு வங்கி போகிறது. பெட்டி வெறும் தண்டோராக்காரர். அவர் வாய் மூடியிருப்பதால் பணம் வரவில்லை என்று ஆகாது. வாடிக்கையாளர் காட்டும் படத்தை வைத்துப் பணம் வந்துவிட்டது என்றும் ஆகாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை: நம் செல்போனில் வரவுப் பட்டியலைப் பார்த்தே சரக்கைக் கொடுப்போம். பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைக்காமல் வாசல் பக்கம் வைப்போம். பெட்டி வாங்கும்போதே, எந்த நிறுவனத்து சிம், 4ஜி, 2ஜி இரண்டும் ஓடுமா என்று கேட்டுக்கொள்வோம். வெகுநேரம் மௌனம் என்றால் ஒரு முறை அணைத்துப் போட்டால் டவரை மறுபடி தேடும்.

கணக்கும் நிலைக்கட்டும், வாடிக்கையாளர் உறவும் நிலைக்கட்டும்.