வீட்டு வாசலில் தளரும் கங்காரு பராமரிப்பு

புதுதில்லி: எடை குறைந்து பிறக்கும் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் "கங்காரு தாய்ப் பராமரிப்பு" முறைக்கு மத்திய அரசு 2014-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தில்லியில் வகுக்கப்படும் நெறிமுறை, மாவட்ட மருத்துவமனையின் கட்டிலையும், அதைத் தாண்டி ஏழையின் வீட்டையும் எட்டுகிறதா? இக்கேள்விக்கு விடை தருகிறது, பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்ற ஓர் ஆய்வு.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1978-ல் தோன்றியது இம்முறை. தாயின் உடல்சூடும் தாய்ப்பாலுமே இதில் மருந்து. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே இப்பராமரிப்பைத் தொடங்கினால், முதல் 28 நாள்களில் நேரும் மரணங்கள் 25 சதவீதம் குறைகின்றன என்று அது உறுதிப்படுத்தியது.

பலன் தெரிந்த பிறகும் நடைமுறை பரவவில்லை. இதற்குத் தீர்வு காண, உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் எத்தியோப்பியாவிலும், இந்தியாவில் கர்நாடகம், ஹரியாணா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. கர்நாடகத்தில் தேர்வானது, அரசமைப்புச் சட்டத்தின் 371-ஜே பிரிவின் கீழ் சிறப்பு அந்தஸ்து பெற்ற பின்தங்கிய பகுதியைச் சேர்ந்த கொப்பள் மாவட்டம்.

சுற்றுக்குச் சுற்று திருத்தம்

ஒரே உத்தரவில் அனைத்தையும் மாற்ற முயலாமல், திட்டமிடுதல், செய்து பார்த்தல், கணக்கிடுதல், திருத்துதல் எனச் சுற்றுச் சுற்றாக முன்னேறுவதே இதில் கையாளப்பட்ட அணுகுமுறை. தொழிற்சாலைகளில் தரத்தை உயர்த்த உருவாகி, அமெரிக்க நிபுணர் டெமிங் மூலம் ஜப்பானில் புகழ்பெற்ற வழி இது. எத்தனை குழந்தைகளுக்குப் பராமரிப்பு கிடைத்தது, எஞ்சியோருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்து, தடையை நீக்கி, மீண்டும் எண்ண வேண்டும். தவறு செய்தவர் யார் என்பதல்ல, தடை எங்கே என்பதே இங்கு கேள்வி.

2 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த 3,804 குழந்தைகள் இந்த ஆய்வில் இடம்பெற்றனர். மூன்று சுற்றுகளில் செயல்திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. 2021-ல் வெளியான முடிவுகளின்படி, இந்தியப் பகுதிகளில் 87 சதவீதக் குழந்தைகளுக்குப் பராமரிப்பு தொடங்கப்பட்டது. மருத்துவமனையை விட்டுச் செல்லும் வேளையில் இது 55 சதவீதமாக இருந்தது. வீடு திரும்பிய ஏழாம் நாளில் கர்நாடகத்தில் 36 சதவீதம் மட்டுமே.

அடுத்த சுற்று எங்கே?

மருத்துவமனையில் வென்ற முயற்சி வீட்டில் தளர்ந்திருக்கிறது. சமையல், மூத்த குழந்தைகள், கூலி வேலை ஆகியவற்றுக்கு இடையே பல மணி நேரம் குழந்தையை மார்பில் அணைத்திருப்பது ஒரு தாய்க்கு எளிதல்ல. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 42 நாள்களுக்குள் ஆறு முறை வீட்டில் சென்று காணும் திட்டம் 2011-லேயே வந்துவிட்டது. அந்த வருகைகளில் எடையுடன், குழந்தை எத்தனை மணி நேரம் மார்பில் இருந்தது என்பதும் கணக்கில் ஏற வேண்டும். தந்தையும் பாட்டியும் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பிரசவ அறைகளுக்காக மத்திய அரசு 2017-ல் தொடங்கிய "லக்ஷ்யா" திட்டம், இந்தச் சுற்றுமுறைத் திருத்தத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுள்ளது. அது பிரசவ அறையோடு நின்றுவிடலாகாது என்பதே 36 சதவீதம் உணர்த்தும் பாடம்.