பெயர் மறந்த கணிப்பொறி

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரில் ஒரு சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கணிப்பொறிகள், ஓர் அச்சுப்பொறி. ஒருநாள் காலை அச்சுப்பொறியின் பெயரைக் கொடுத்தால் 'காணவில்லை' என்கிறது கணிப்பொறி. உடனே கம்பியின்மேல் பழி. குன்னூரிலிருந்து ஆளை வரவழைக்கத் தொலைபேசி. சற்றுப் பொறுங்கள்!

பெயர் நமக்குத்தான். கணிப்பொறிக்கு 192.168.1.20 போன்ற எண்ணே முகவரி. பெயருக்குரிய எண்ணை யாராவது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் இதற்கு ஒரே பட்டியல் இருந்தது. எல்லாரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டனர். வலை பெருகப் பெருக அது கட்டுக்கு அடங்கவில்லை. எனவே 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பட்டியலைப் பல கணிப்பொறிகள் பங்கிட்டுக்கொள்ளும் முறையை வகுத்தார். இன்றும் அதே முறைதான்.

சோதனை எளிது. அச்சுப்பொறியின் அமைப்புத் தாளை அச்சிட்டு, அதன் இன்றைய எண்ணைப் பாருங்கள். 'பிங்' கட்டளையில் அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் கம்பி நலம், கோளாறு பெயரில். பதில் இல்லையென்றால் கம்பியைப் பாருங்கள்.

இனி பெயரைக் கொடுத்துப் பாருங்கள். வேறு எண் தோன்றினால் கணிப்பொறி பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கிறது. பெரும்பாலும் அணைத்துத் திரும்ப இயக்கினால் போதும். அப்போதும் பழைய எண்ணே வந்தால் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பைத் திறவுங்கள். அந்த ஆர்ப்பாநெட் பட்டியலின் வாரிசு அது! யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி அதில் இருக்கக்கூடும்.