சட்டத்துக்கு ஒரு பாலிஸி, குடும்பத்துக்கு?

இன்ஷூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வண்டியைத் தெருவில் ஓட்டலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் பெற்ற இவ்விதி 1946-ல் அமலுக்கு வந்தது. 1988-ம் வருஷத்துச் சட்டத்திலும் நிலைபெற்றிருக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, முதல் முறை மீறுகிறவருக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறைவாசமோ கிடைக்கலாம். ஆகவே, போலீஸ்காரர் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் போதும் என்பது பலருடைய அபிப்பிராயம். அந்தக் காகிதம் யாரைக் காப்பாற்றுகிறது என்று படித்துப் பார்ப்பவர்கள் வெகு சிலரே.

சட்டம் கட்டாயப்படுத்துவது 'மூன்றாம் மனிதர்' இன்ஷூரன்ஸ். வண்டிக்காரர் முதல் மனிதர், கம்பெனி இரண்டாவது, தெருவோடு போகிறவர் மூன்றாவது. நம் வண்டி மோதி அவர் உயிரிழந்தாலும் காயமுற்றாலும், விபத்து டிரிபியூனல் விதிக்கும் நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். அதற்கு உச்ச வரம்பு கிடையாது. சொத்துச் சேதத்துக்கு மட்டும், கார் விஷயத்தில், 7,50,000 ரூபாய் வரம்பு உண்டு. 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி, 1,000 ஸி.ஸி.க்கு மேற்படாத காருக்கு இதன் வருஷப் பிரீமியம் 2,094 ரூபாய்தான். உழைத்துப் போட்டவனைத் தெருவில் பறிகொடுத்த ஏழைப் பெண், வண்டிக்காரரின் கையிருப்பை நம்பி நிற்க வேண்டியதில்லை. இது உத்தமமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை.

வண்டிக்குள் இருப்பவர்கள் கதி என்ன? சொந்தக்காரரே ஓட்டினால், அவருக்கென்று 15 லட்ச ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸ் தனியே உண்டு. மரணத்துக்கும் நிரந்தர அங்கஹீனத்துக்குமே அது உதவும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. பக்கத்தில் அமர்ந்த மனைவியும் பின்னால் அமர்ந்த குழந்தைகளும் சட்டத்தின் கண்ணில் 'மூன்றாம் மனிதர்' அல்லர். ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சென்றவரைப் பற்றி 2006-லும், காரில் சென்றவரைப் பற்றி 2012-லும் சுப்ரீம் கோர்ட் இவ்விதமே தீர்ப்பளித்தது. எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்தால் அதன் கம்பெனி ஈடு கொடுக்கும். நம் வண்டியே புளியமரத்தில் மோதினால் குறைந்தபட்சப் பாலிஸியிலிருந்து அவர்களுக்குக் காலணாவும் வராது. தெருவில் போகிற அந்நியருக்கு எல்லையற்ற பாதுகாப்பு. நம் குழந்தைக்கு ஒன்றுமில்லை!

காருக்கும் அதே கதிதான். 2015 டிஸம்பரிலும் 2023 டிஸம்பரிலும் சென்னை வெள்ளத்தில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. குறைந்தபட்சப் பாலிஸி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதிலிருந்து ரிப்பேருக்கு ஒரு பைசாவும் கிடைக்க வழியில்லை. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை: அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடமிருந்தே வசூலிக்கும்படி கோர்ட்டுகள் உத்தரவிடுவதுண்டு.

இன்னொரு சூக்ஷ்மமும் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி, 1-9-2018 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் மனிதர் பாலிஸி அவசியம். அத்துடன் சேர்த்துக் கொடுக்கும் சொந்தச் சேதப் பாதுகாப்போ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். காகிதம் மூன்று வருஷம் செல்லும் என்று நிம்மதியாக இருப்பவர், இரண்டாம் வருஷத்தில் தம் காருக்குப் பாதுகாப்பே இல்லை என்பதை அறியமாட்டார்.

ஆகவே நேயர்கள் இன்றே பாலிஸியை எடுத்து மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறோம். சொந்தச் சேதப் பாதுகாப்பு எந்தத் தேதியில் முடிகிறது? உடன் பிரயாணம் செய்பவர்களுக்கு விபத்துப் பாதுகாப்பு உண்டா? வெள்ளத்தில் எஞ்சின் கெட்டால் பணம் கிடைக்குமா? முழுப் பாலிஸியிலும் எஞ்சினுக்குத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கலாம்.

தெருவில் போகிறவருக்காகச் சட்டம் வாதாடுகிறது. வண்டிக்குள் இருப்பவர்களுக்காக வாதாட வேண்டியவர் குடும்பத் தலைவர்தான்.