பின்காற்றும் மெல்லிய பாயும்

பனிச்சங்கேணி என்னும் பெயருக்குள் ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் அடங்கியிருக்கின்றன. நீர்நிலையை யாவரும் அறிவர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வழியில், வாகரைப் பகுதியில், பாலத்தின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் களப்பு அது. மரத்தைத்தான் பலர் மறந்துவிட்டனர். பனிச்சங்காயை நசுக்கி ஊறவைத்த சாற்றிலே வலைகளைத் தோய்த்தெடுப்பதும், அதன் பிசினைத் தோணிப் பலகைகளின் பொருத்துகளிற் பூசுவதும், நைலோன் வலைகள் வருவதற்கு முன்னர் கரையோரத்து வழக்கமாயிருந்தன. படகுக்கென்றே பிறந்த மரத்தின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்பது பொருத்தமே.

ஒரு வைகாசி மாதத்து விடியலில் அப்பாலத்தருகே நின்றிருந்தேன். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாயொன்றை விரித்து, முதியவர் ஒருவர் தமது சிறு தோணியில் கச்சானுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தார். கச்சான் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. துடுப்பு அசையவில்லை, நீர்கூட ஓசையிடவில்லை. எத்துணைச் சுகமான பயணம் என்று எண்ணினேன். பின்னர் கரையில் அவரைக் கண்டு அதனைச் சொன்னபோது அவர் சிரித்தார். “கச்சானுக்குப் பாய் விரிச்சுப் போறது சுகந்தான் மனே. திரும்பி வாறதுதான் பாடு” என்றார்.

அவர் சொன்னதற்குள் பெரியதொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். காற்று மணிக்குப் பதினான்கு கடல்மைல் வேகத்தில் வீசுகிறது. படகு அதன் முன்னே ஆறு கடல்மைல் வேகத்தில் ஓடுகிறது. படகிலிருப்பவன் முதுகில் உணர்வது மிகுதியான எட்டு மட்டுமே. அஃதோர் இளந்தென்றல். அதே படகைத் திருப்பிக் காற்றுக்குச் சாய்வாக எதிர்முகமாக்கி, ஐந்து கடல்மைல் வேகத்திற் செலுத்தினால், முகத்தில் அறையும் காற்று ஏறத்தாழப் பதினெட்டாகிவிடும். காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. ஆகவே பாயின்மேல் விழும் விசை ஐந்து மடங்கு! காற்று மாறவில்லை, மாறியது திசை ஒன்றே. பின்காற்று ஏமாற்றும் காற்று என்பது இதனாலேதான்.

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வரும் உல்லாசப் பாய்ப்படகுகளிற் பலவும் இத்தகைய காற்றுக்கென ஒரு தனிப் பாயை வைத்திருக்கும். ‘ஸ்பின்னக்கர்’ என்பது அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயரின் பந்தயப் படகுகளில் அது பெயர்பெற்றது. இன்று அது நைலோன் துணியால் ஆவது. அத்துணியின் எடை, ஒரு சதுர மீற்றருக்கு முப்பது முதல் அறுபத்தைந்து கிராம் வரை. நாம் எழுதும் வெள்ளைத்தாள் அதனினும் கனமானது. கனத்த பாய் மென்காற்றில் துவண்டு தொங்கும். இதுவோ மூச்சுப்பட்டாலும் உப்பி எழும்.

இதனைக் கட்டும் முறை எளிது, ஒழுங்குதான் அரிது. பாயின் முன்கீழ் முனையை அணியத்திற் பிணைப்பர். பின்முனையிலிருந்து ஒரு நீண்ட கயிற்றை, மற்றெல்லாக் கயிறுகளுக்கும் வெளிப்புறமாக, அமரம் வரை கொண்டுவருவர். தலைமுனையை ஆஞ்சான் கயிறு உயர்த்தும். முறுக்கு விழாமல் மடித்திருக்க வேண்டும். விழுந்தால் பாய் உடுக்கைபோல் இடை சிறுத்து இருபுறமும் பருத்துச் சிக்கிக்கொள்ளும். பயணப் படகினர் பெரும்பாலும் பாயை நீண்டதோர் உறைக்குள் இட்டே ஏற்றுவர். படகைக் காற்றுக்கு முதுகுகாட்டச் செய்து, பெரும்பாயின் மறைவில் இதனை உயர்த்தி, பின்பு உறையை மேலே இழுத்தால் பாய் மலரும். முன்விளிம்பு சற்றே சுருளும் வரை கயிற்றைத் தளர்த்தி, ஒரு சாண் இழுத்துப் பிடிப்பதே கைப்பழக்கம்.

இறக்குவதிலேதான் உயிர் இருக்கிறது. மறுபடியும் காற்றுக்கு முதுகுகாட்டி, பெரும்பாயின் நிழலிற் பாயை ஒதுக்கி, கயிற்றை விட்டுக்கொடுத்து, உறையைக் கீழிழுக்க வேண்டும். ‘இன்னும் சிறிது நேரம் ஓடட்டும்’ என்று காத்திருந்தவன், படகு பக்கவாட்டிற் சரிந்து, சுக்கான் நீரைவிட்டு வெளியேறி, திருப்பச் சக்தியற்றுக் கிடப்பதைக் காண்பான். கயிற்றின் நுனியில் முடிச்சிடாது விடுவோரும் உளர்; நெருக்கடியில் முழுக்கயிறும் உருவிப் போய்விடட்டும் என்பது அவர் கருத்து. நான் கண்ட முதியவர் இந்நூல்களைப் படித்தவரல்லர். ஆயினும் தமது சாக்குப் பாயின் கயிற்றை அவர் எதிலும் கட்டவில்லை, கால்விரலிடையே பிடித்திருந்தார்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. புறநானூற்று முப்பதாம் பாட்டு, பாய்மரத்தையும் மீப்பாயையும் களையாமலே புகார்த் துறையுட் புகுந்த பெருங்கலத்தைக் காட்டுகிறது. மேலே கட்டும் பாய்க்கு ‘மீப்பாய்’ என்று எத்துணை அழகிய பெயர்! அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் எண்பத்தொன்பது அடிக் கப்பலை அமெரிக்கரான றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்ட் முதலாம் நாள் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தனர். அம்மாலுமிகள் வழங்கிய கயிற்றுப் பெயர்களில் எத்தனையை இன்று நம் மாணவர் அறிவர்? இயந்திரம் வந்ததும் பாய் போயிற்று. பாயோடு சொல்லும் போயிற்று. அணியம், அமரம், ஆஞ்சான் என்பவற்றை அகராதியிலன்றி வாயிற் கேட்கும் நாள் குறைந்துவருகிறது. இது எனக்கு வருத்தம் தருவதொன்று. வடமொழிச் சொல்லா தமிழ்ச் சொல்லா என்று மேடைகளில் வாதிடும் நாம், தோணிக்காரரிடம் ஒரு மாலைப் பொழுதேனும் இருந்து எழுதிக்கொண்டோமா?

அன்று நண்பகல் கழிந்ததும் கச்சான் தணிந்தது. சிறிது நேரம் களப்பு கண்ணாடிபோற் கிடந்தது. பின் கிழக்கே நீர் கறுத்துச் சிலிர்த்தது. கடற்காற்று! காலையிற் போனவர்கள் இதனையே நம்பிப் போனவர்கள். வெளியே நின்ற தோணிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. முதியவரின் மகனும் அவற்றில் ஒன்றில் இருந்தான். பூம்புகாரின் ஆழம் இம்முகத்துவாரத்திற்கு இல்லை. மணல்மேடு அண்மித்ததும் அவன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோலை ஊன்றத் தொடங்கினான். கரையில் நின்ற தந்தையார் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.