ஆகஸ்டில் டைட் எண்டைப் பார்ப்பது எப்படி?

ஆகஸ்ட் என்றால் எங்கள் ஐயோவா சிட்டியில் ஆருட மாதம். கல்லூரிக் கால்பந்துப் பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போதே, ஐயோவா பல்கலைக்கழக அணியான ஹாக்கைஸ் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று முடிதிருத்துபவரிலிருந்து பல் மருத்துவர் வரை எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் அணியைப் பிரிவு பிரிவாக அலசும். வேறு ஊர்க்காரர்கள் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் முதல் கேள்வியே வேறு: "இந்த வருஷம் டைட் எண்ட் யாரு?"

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எண்களை வைத்துத்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே, எண்களை நம்பி ஒரு ஆட்டக்காரரை எடைபோடக் கூடாது என்று புரியவைத்தவர்கள் இந்த டைட் எண்டுகள்தான்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். நடுவில் ஐந்து கனத்த ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். எதிராளியைத் தடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. முன்னால் எறியப்படும் பந்தை அவர்கள் பிடிக்க விதி இடம் தருவதில்லை. ஓரங்களில் வேகமாக ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில், வரிசையின் கடைசி ஆளான டேக்கிளின் தோளை ஒட்டி நிற்பவர்தான் டைட் எண்ட். அவர் தடுக்கவும் வேண்டும், ஓடிப்போய்ப் பிடிக்கவும் வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நன்றாக மட்டையும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அந்த மாதிரி இரட்டை உத்தியோகம்.

இந்த இடத்துக்கு ஐயோவா பேர்போனது. டல்லஸ் கிளார்க் உதவித்தொகைகூட இல்லாமல், பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரராக வந்து சேர்ந்தவர். டைட் எண்டாக மாற்றினார்கள். நாட்டின் சிறந்த கல்லூரி டைட் எண்டுக்கான ஜான் மேக்கி விருதை 2002இல் வாங்கினார். 2018இல் அதே விருது டி.ஜே. ஹாக்கன்ஸனுக்கு. அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 8ஆவது ஆளாக ஹாக்கன்ஸனை டெட்ராய்ட்டும், 20ஆவது ஆளாக நோவா ஃபேன்ட்டை டென்வரும் எடுத்தன. ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்டுகள் ஒரே ஆண்டில் முதல் சுற்றிலேயே போனது அதற்கு முன் நடந்ததில்லை.

இதற்குக் காரணம் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ் என்றுதான் ஊரில் சொல்வார்கள். 1999இல் தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே, 1980களில், இதே அணியில் நடுவில் நிற்கும் அந்த ஐவரின் தடுப்பு வரிசைக்குப் பயிற்சி கொடுத்தவர். முதலில் வழியைத் திற, பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடு என்பதுதான் அவர் ஆட்டமுறை. இங்கே டைட் எண்டாகச் சேரும் பையன் பந்து பிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், தன்னைவிடக் கனமான எதிராளியை இடுப்பு தாழ்த்தி முட்டித் தள்ளக் கற்ற பிறகுதான் களத்தில் இடம்.

அந்தத் தள்ளலுக்குத்தான் கணக்கு கிடையாது. பிடித்த பந்து, கடந்த யார்டு, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போட்ட டச்டவுன் எல்லாம் அட்டவணையில் ஏறும். எதிராளியை மூன்றடி நகர்த்தி, பின்னால் வந்தவர் ஓட வழிவிட்டது எந்தப் பத்தியிலும் ஏறாது. ஜார்ஜ் கிட்டில் ஐயோவாவில் ஆடிய காலம் முழுவதற்கும் பிடித்தது 48 பந்துகள்தான். அந்த எண்ணைப் பார்த்தவர்கள் 2017 தேர்வில் அவரை ஐந்தாம் சுற்று வரை காக்கவைத்தார்கள். 146ஆவது ஆளாகத்தான் சான் பிரான்சிஸ்கோ எடுத்தது. மறு ஆண்டே 1,377 யார்டு எடுத்து, அதுவரை என்.எஃப்.எல். டைட் எண்ட் யாரும் ஒரே பருவத்தில் தொடாத உயரத்தைத் தொட்டார். பழைய ஏட்டில் இருந்த 48ஐ மட்டும் படித்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை.

ஆருடம் எப்படியெல்லாம் கவிழும் என்பதற்கு 2023ஐவிட நல்ல பாடம் இல்லை. முந்தைய பருவத்தில் 58 பந்து பிடித்த சாம் லபோர்ட்டா டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். அங்கே முதல் ஆண்டிலேயே 86 பந்து பிடித்து, புதுமுக டைட் எண்டுகளில் அன்றைய சாதனையைப் படைத்தார். ஆனாலும் ஐயோவாவில் யாரும் கவலைப்படவில்லை. லூக் லேச்சி இருந்தார். அவர் அப்பா ஜிம் லேச்சி, என்.எஃப்.எல்.இல் பெயர்பெற்ற தடுப்பு வரிசைக்காரர். மிச்சிகனிலிருந்து எரிக் ஆல் வந்து சேர்ந்தார். அவருக்குப் பந்து எறிந்து பழகிய குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவும் அங்கிருந்தே வந்தார். இரண்டு டைட் எண்டுகளை ஒன்றாக நிறுத்தி ஆடும் அணிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நடந்தது வேறு. மூன்றாவது ஆட்டத்தில் லேச்சியின் கணுக்கால் போயிற்று. செப்டம்பர் 30இல் மெக்நமாராவின் முழங்கால். அக்டோபர் 14இல் விஸ்கான்சினில் ஆலின் முழங்கால். பருவத்தின் பாதியில் ஓய்ந்தும், அணியில் அதிக யார்டு எடுத்தவர் ஆல்தான்: 21 பந்து, 299 யார்டு. அவரைத் தாண்ட மற்றவர்களால் முடியவில்லை என்றால் தாக்குதல் ஆட்டம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த யார்டுக் கணக்கில் நாட்டிலேயே கடைசி. ஆனால் தடுப்பாட்டமும், பந்தை உதைத்தே எதிரணியை மூலையில் முடக்கிய ஆஸ்திரேலியர் டோரி டெய்லரும் சேர்ந்து 10 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார்கள்.

அந்த இடைவெளியில் களமிறங்கியவர் ஆடிசன் ஆஸ்ட்ரெங்கா என்ற இரண்டாம் ஆண்டு மாணவர். ஆகஸ்டில் அவர் பெயர் மேசையில் வந்ததாகவே எனக்கு நினைவில்லை. அதிலிருந்து முன்னோட்டம் எதைப் படித்தாலும் என் விரல் மூன்றாவது பெயரில்தான் போய் நிற்கும். முட்டி மோதுவதே வேலையாக இருப்பவர்கள் பருவம் முழுக்க முழுசாக நிற்பார்கள் என்று கணக்குப் போடுவது விவேகமில்லை. முதல் இரண்டு பேர் அணியின் சொத்து, மூன்றாமவர் கையிருப்பு.

2024 இன்னொரு பாடம். லேச்சி குணமாகித் திரும்பினார், எதிர்பார்ப்பு எகிறியது. அவர் பக்கம் வந்த பந்துகளோ சொற்பம். "டைட் எண்ட் ஊர் என்று இனி சொல்லிக்கொள்ளாதீர்கள்" என்று நெப்ராஸ்காவிலிருந்து வந்த சக ஊழியர் கிண்டல் செய்தார். அதே ஆண்டு ஓட்டக்காரர் கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி, ஓட்டத்திலேயே 21 டச்டவுன் போட்டார். ஓரத்தை அடைத்து அவருக்குப் பாதை விட்டவர்களில் டைட் எண்டுகளும் உண்டு. நெப்ராஸ்காக்காரரிடம் அந்தக் கணக்கைத்தான் காட்டினேன். அவர் சாண்ட்விச்சில் மும்முரமாகிவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கின்னிக் மைதானத்தில் 'கிட்ஸ் டே' நடக்கும். பயிற்சியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். குழந்தைகள் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பார்கள். பெரியவர்கள் நீளமாக எறியப்படும் பந்துகளைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நான் கவனிப்பது மூன்று விஷயம். டைட் எண்ட் முட்டும்போது கால்கள் ஓயாமல் நகர்கின்றனவா? இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தும்போது உள்ளே அனுப்பப்படுவது யார்? தடுப்பதற்கும் ஓடுவதற்கும் அவர் எடுக்கும் முதல் அடி ஒன்றுபோல இருக்கிறதா? மூன்றாவதுதான் நுட்பமானது. தடுக்கப் போகிறார் என்று எதிராளி நம்பி முன்னே வந்த நொடியில் நழுவி ஓடுவதுதான் இந்த ஆட்டக்காரரின் பெரிய வருமானம். ஒழுங்காகத் தடுக்காதவரின் பாசாங்கை யார் நம்புவார்கள்?

ஆகவே, உங்கள் பிள்ளை அமெரிக்கக் கல்லூரி எதிலாவது படித்து, உங்களையும் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு இழுத்துப்போனால், கடைசி முயற்சியில் இன்னும் ஒரே ஒரு யார்டு தேவைப்படும் கட்டம் வரும் வரை காத்திருங்கள். அப்போது பந்தை விட்டுவிட்டு, டேக்கிளின் தோளை ஒட்டி நிற்பவரைப் பாருங்கள். எதிராளி பின்னே போனால் அந்த அணி அந்த வருஷம் தேறும். நான் போடும் ஆருடம் அவ்வளவுதான். 50 பந்து பிடிப்பாரா, 20 பிடிப்பாரா என்பதைப் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.