ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள்

பாவித்த வாகனம் வாங்கப் போகும் நம்மவர்கள் ஏ.சி. குளிர்கிறதா என்று பார்ப்பார்கள்; ஹீட்டரைத் தொடமாட்டார்கள். நுவரெலியாப் பக்கம் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது எதற்கு என்ற எண்ணம். நானோ ஹீட்டரைப் பார்க்காமல் விலை பேசுவதில்லை.

பெட்ரோல், டீசல் வாகனங்களில் என்ஜினில் சூடேறிய தண்ணீர்தான் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள சின்ன ரேடியேட்டருக்குள் ஓடி வாகனத்தினுள் சூடு தருகிறது. ஆகவே ஹீட்டர் மந்தமானால் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டும்.

என்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள். நிற்கும்போது ஆறிப்போய், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் சூடு வருகிறதா? தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது வோட்டர் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்பதே முக்கியம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இலாபமெல்லாம் கராஜுக்குத்தான்.

அடுத்து, என்ஜினை நிறுத்தி ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய வாகனங்களில் துருவால் இப்படி அடைபடும். இரண்டும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தால் உள்ளே காற்றைத் திருப்பும் தகட்டில் கோளாறு, என்ஜினுக்குப் பாதகமில்லை.

இரண்டும் இளஞ்சூடாக இருந்து, வெப்பமானி முள்ளும் ஏறவில்லையென்றால் தேமோஸ்டட் திறந்தபடி இறுகியிருக்கலாம், அல்லது கழற்றப்பட்டிருக்கலாம். என்ஜின் கொதிப்பதை மறைக்க அதைக் கழற்றிவிடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. குளிர்ந்தே ஓடும் என்ஜின் எரிபொருளைக் குடிக்கும்; தேய்மானமும் கூடும்.

ரேடியேட்டர் மூடியை நன்றாக ஆறிய பின்பே திறவுங்கள். "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதற்கு?" என்று விற்பவர் சிரித்தால், தேமோஸ்டட் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் விலை பேசலாம்.