காற்றும் கதிரும் கணக்கும்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் இவ்விடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுகிறது. அக்காற்றிலிருந்து மின்சாரம் பெறவே, கேரள மாநில மின்வாரியம் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவியது. காற்றுக்கும் கதிரவன் ஒளிக்கும் விலையில்லை. அவ்வாறாயின், நிலக்கரியையும் டீசலையும் நாம் உடனே கைவிடாதது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண உதவுவது பொருளியல் மாதிரி ஆகும்.

பொருளியல் மாதிரி என்பது வருவதுரைக்கும் சோதிடம் அன்று. 'இவ்வாறு இருப்பின் இவ்வாறு நிகழும்' எனக் காட்டும் கணக்கு. அக்கணக்கின் தொடக்கத்தில் நாம் உண்மையெனக் கொள்பவை எடுகோள்கள் எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உழவர் ஒருவர் 2,00,000 ரூபாய் கடன் பெற்று, டீசல் எந்திரத்தை நீக்கிச் சூரிய ஆற்றலில் இயங்கும் நீரேற்று மோட்டாரை அமைக்கிறார் எனக் கொள்வோம். டீசல் வாங்காததால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதனைக் கடனுக்கே செலுத்துகிறார். வட்டி இல்லையெனில் 10 ஆண்டுகளில் கடன் தீரும். ஆண்டு வட்டி 5 விழுக்காடு எனில் 15ஆம் ஆண்டில்தான் தீரும். 10 விழுக்காடு எனில், மிஞ்சும் தொகை முழுவதும் வட்டிக்கே சென்றுவிடும். அசல் ஒருபோதும் குறையாது. வெயில் ஒன்றே, மோட்டாரும் ஒன்றே. வட்டி மாறியதும் முடிவு மாறிவிட்டது.

டீசலுக்கு ஆண்டுதோறும் செலவு செய்கிறோம். சூரிய ஆற்றலுக்கோ செலவின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஆகவே, வட்டி மிகுந்த வளரும் நாடுகளுக்கு இம்மாற்றம் கடினமாகிறது.

காலமும் கணக்கில் சேர வேண்டும். கதிரவன் பகலில் ஒளிர்கிறான். கேரளத்தில் மின்தேவையோ பொழுது சாய்ந்தபின் உச்சத்தை அடைகிறது. எனவே, மின்கலச் சேமிப்பின் செலவையும், இடுக்கி போன்ற அணைகளில் நீரைத் தேக்கி மாலையில் மின்சாரம் பெறும் வாய்ப்பையும் மாதிரியில் சேர்க்க வேண்டும்.

டீசல் விலையில் அடங்காத இழப்பும் உண்டு. அதன் புகையால் புவி வெப்பமடைந்து விளையும் கேட்டை விலைச்சீட்டு காட்டாது. தட்பவெப்ப மாற்றத்தைப் பொருளியல் கணக்கில் இணைத்தமைக்காக வில்லியம் நோர்தாவுசு 2018இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்தியா 2070ஆம் ஆண்டிற்குள் நிகர சுழிய உமிழ்வை அடைய இலக்குக் கொண்டுள்ளது. அவ்வழியில் எதை, எப்போது, யார் செலவில் மாற்றுவது என்பதைத் தீர்மானிக்க இத்தகைய கணக்குகள் துணைபுரிகின்றன. எனவே, விடையை மட்டும் நோக்காது, அதன் எடுகோள்களையும் கேட்டறிதல் வேண்டும்.